பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு எந்த கேசிங், எந்த அடாப்டர்? – வாசகர் கேள்வி பதில்

பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடும்போது ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்வது இப்போது எல்லா வீட்டிலும் வழக்கமாகிவிட்டது. கழற்றியதை எப்படிப் பயன்படுத்துவது என்று மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சில இந்த இதழில்.

கேள்வி: திருமங்கலத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பழைய கம்ப்யூட்டர், லேப்டாப்களில் கழற்றிய ஹார்ட் டிஸ்க் ஏழெட்டு சேர்ந்துவிட்டன. பெரிதும் சிறிதுமாக இருக்கின்றன. எல்லாவற்றிலும் கல்யாண வீடியோக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேசிங் வாங்க வேண்டுமா? கடையில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: வேண்டாம். ஒரே டிஸ்க்கை நிரந்தரமாக உள்ளே வைத்து, பையில் போட்டு எடுத்துப்போகத்தான் கேசிங். ஏழெட்டு டிஸ்க்கை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டிய உங்களுக்கு டாக் தான் சரி; டிஸ்க்கைச் செருகி யூ.எஸ்.பி.யில் கம்ப்யூட்டரோடு இணைக்கும் மேசைத் தாங்கி அது. டிஸ்க்கை மேலிருந்து செங்குத்தாகச் செருகலாம். பெரியதும் சிறியதும் அதே வாயில் உட்காரும். தனி அடாப்டரும் கூடவே வரும்.

கடைக்குப் போகும் முன் டிஸ்க்குகளை மேசையில் பரப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் அளவு. லேப்டாப் டிஸ்க் 2.5 இன்ச், அகலம் 7 செ.மீ. இருக்கும். டெஸ்க்டாப் டிஸ்க் 3.5 இன்ச், அகலம் 10 செ.மீ. இந்த வித்தியாசம் வெறும் இட விஷயம் என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். உண்மையில் இது கரண்ட் விஷயம். 2.5 இன்ச் டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும், அதை யூ.எஸ்.பி.யே கொடுத்துவிடும். 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 5 வோல்ட்டோடு 12 வோல்ட்டும் வேண்டும், மோட்டார் சுற்றுவதே அந்த 12 வோல்ட்டில்தான். சாதாரண யூ.எஸ்.பி. கேபிளில் 12 வோல்ட் வராது. ஆனால் இரண்டு அளவுக்கும் சாட்டா வாய் (டிஸ்க்கை இணைக்கும் தட்டையான வாய்) ஒன்றே என்பதால், அடாப்டர் இல்லாத சின்ன கேபிளில் பெரிய டிஸ்க்கும் அழகாகப் பொருந்தும். லைட் எரியும், டிஸ்க் சுற்றாது. "டிஸ்க் போச்சு" என்று தீர்ப்பும் எழுதிவிடுவார்கள்.

அடாப்டரில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று போட்டிருக்க வேண்டும். டிஸ்க்கின் லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராக அரை ஆம்பியர், முக்கால் ஆம்பியர் என்றுதான் இருக்கும். அது ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் அளவு. நின்றிருக்கும் தட்டுகள் வேகம் பிடிக்கும் முதல் சில விநாடிகளுக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டு டிஸ்க் செருகும் டாக் என்றால் அடாப்டர் 3 ஆம்பியருக்குக் குறையாமல் பாருங்கள்.

அடுத்தது வாய். எல் வடிவத்தில் தட்டையான இரண்டு நாக்குகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சாட்டா: சின்னது 7 பின் டேட்டா, நீளமானது 15 பின் பவர். ஊசி ஊசியாக இரண்டு வரிசையில் 40 பின் நின்றால் சாட்டாவுக்கு முந்தைய வகையான ஐடிஇ. அது டாக்கில் ஏறாது; அதற்கான வழி மாட்டுத்தாவணிக்காரருக்குத் தந்த பதிலில் இருக்கிறது.

லேப்டாப் டிஸ்க்கில் ஒன்றை எக்ஸ்டர்னலாகவே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். 7 மி.மீ., 9.5 மி.மீ. இரண்டும் சகஜம், அதிகக் கொள்ளளவு டிஸ்க்குகளில் 12.5, 15 மி.மீ. உண்டு. எஸ்எஸ்டிக்கென்று (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) விற்கும் மெல்லிய கேசிங் 7 மி.மீ.க்கு மட்டும்தான் மூடும். அதில் 9.5 மி.மீ. டிஸ்க்கைத் திணித்தால் மூடி உப்பி நிற்கும், கனெக்டர் மேல் அழுத்தம் விழும், ஆறு மாதத்தில் லூஸ் காண்டாக்ட். பெரிய கேசிங்கில் சின்ன டிஸ்க் என்றால் பிரச்சினை இல்லை. கூடவே வரும் ஸ்பாஞ்சை ஒட்டினால் ஆடாது.

யூ.எஸ்.பி. 3 தான் வாங்க வேண்டும். யூ.எஸ்.பி. 2 கேசிங்கில் நடைமுறையில் விநாடிக்கு 30–40 எம்.பி. தான் போகும். ஒரு 500 ஜி.பி. டிஸ்க்கைக் காலி செய்ய நான்கு மணி நேரம். அதே டிஸ்க் யூ.எஸ்.பி. 3-ல் ஒன்றரை மணி நேரம்தான் எடுக்கும். அட்டைப்பெட்டியில் யூஏஎஸ்பி (யூ.எஸ்.பி.யில் வேகமாக அனுப்பும் முறை) என்று போட்டிருந்தால் நல்லது. சுழலும் டிஸ்க்கில் அதனால் பெரிய லாபம் தெரியாது, நாளைக்கு எஸ்எஸ்டி போட்டால் தெரியும்.

இரட்டை டாக் வாங்கினால் ஒரு எச்சரிக்கை. முன்பக்கம் 'குளோன்' என்று ஒரு பட்டன் இருக்கும். கம்ப்யூட்டரே இல்லாமல் முதல் வாயில் உள்ள டிஸ்க்கை அப்படியே இரண்டாம் வாயில் உள்ளதில் எழுதிவிடும். எது சோர்ஸ், எது டார்கெட் என்று டாக்கின் மேலேயே அச்சிட்டிருக்கும். மாற்றிச் செருகிவிட்டு அந்தப் பட்டனை அழுத்தினால் வீடியோ இருந்த டிஸ்க் மேல் காலி டிஸ்க் ஏறிவிடும், திரும்ப வராது. ஸ்டுடியோவில் பையன்கள் கை படும் இடம் என்றால் ஒற்றை வாய் டாக்கே வாங்குங்கள். இன்னொன்று: பத்து வருடம் ஓடிய டிஸ்க்கில் இருப்பது ஒரே பிரதி என்றால் முதல் வேலை அதை வேறொன்றுக்கு எடுப்பது. எதை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற யோசனை அதற்குப் பிறகு.

கேள்வி: மேலூர். லேப்டாப் டிஸ்க்கை கேசிங்கில் போட்டேன். லைட் எரிகிறது, 'டிக்... டிக்...' என்று சத்தம் வருகிறது, கம்ப்யூட்டரில் ஒரு கணம் தெரிந்து மறைந்துவிடுகிறது. டிஸ்க் செத்துவிட்டதா?

பதில்: அவசரப்பட்டுத் தலைமுழுக வேண்டாம். முதல் சந்தேகம் கரண்ட் மேல். 2.5 இன்ச் டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும்போது 1 ஆம்பியர் வரை கேட்கும். யூ.எஸ்.பி. 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர், யூ.எஸ்.பி. 3 போர்ட் 900 மில்லி ஆம்பியர் கொடுக்க வேண்டும் என்பது விதி. கேபினெட்டின் முன்பக்க போர்ட், உள்ளே நீளமான மெல்லிய ஒயரில் வருவதால், விதிப்படி உள்ளதும் வந்து சேராது. 5 வோல்ட் இறங்கிப்போனால் டிஸ்க் பாதி வேகம் பிடித்து, தட்டைப் படிக்கும் தலையைப் பின்னே இழுத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து முயலும். அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கேட்பதாக இருக்கலாம்.

கேபினெட்டின் பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் நீல நிற போர்ட்டில் செருகிப் பாருங்கள். கேபிளை மாற்றுங்கள்; கேசிங்கோடு வந்த அரை அடி கேபிளே நல்லது, ஒன்றரை மீட்டர் கேபிள் வேண்டாம். அப்படியும் இல்லை என்றால் ஒய் கேபிள்: ஒரு முனை கேசிங்குக்கு, இரண்டு முனை இரண்டு போர்ட்டுக்கு. தனி அடாப்டர் உள்ள யூ.எஸ்.பி. ஹப் கிடைத்தால் அதுவும் ஆகும். நண்பர் வீட்டு டாக் ஒன்று கிடைத்தால் இந்த எல்லாச் சோதனையும் ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும். டாக்கில் அடாப்டர் கரண்ட்; அதில் சத்தமில்லாமல் ஓடினால் குற்றவாளி உங்கள் கேபிளும் போர்ட்டும்தான்.

நல்ல கரண்ட் கொடுத்தும் அதே இடைவெளியில், அதே சுருதியில் டிக் டிக் என்று அடித்தால் தலை கெட்டிருக்கிறது. உடனே நிறுத்துங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் தட்டில் கீறல் விழ வாய்ப்பு. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று யாராவது சொல்வார்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும், ரிக்கவரி செய்பவருக்கும் வேலை கெடும். உள்ளே இருப்பது அவ்வளவு முக்கியம் என்றால் தொடாமல் அப்படியே ரிக்கவரிக்குக் கொடுங்கள்.

ஓடுகிறது, ஆனால் ஃபைல் திறக்கத் திணறுகிறது என்றால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். அதில் நான்கு வரிகள் போதும். 05 என்பது ஏற்கெனவே கெட்டு மாற்றப்பட்ட செக்டார்கள் (தட்டில் தகவல் எழுதும் சிறு பகுதிகள்), சி5 என்பது படிக்க முடியாமல் தொங்கலில் இருப்பவை, சி6 கைவிடப்பட்டவை. சி5 பூஜ்யமாக இல்லாவிட்டால் அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் வைக்காதீர்கள். சி7 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க் மேல் பழி இல்லை. அது கேபிள், கனெக்டர் கோளாறு, பெரும்பாலும் பழைய கம்ப்யூட்டரில் இருந்தபோது ஏறியது. அந்த எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும், '10' என்றால் பதினாறு. பார்த்துப் பயப்படுபவர்கள் செட்டிங்கில் தசமத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சில மலிவு கேசிங்குகளின் சிப் இந்த விவரத்தை வெளியே விடாது. அப்போது டிஸ்க்கை நேரடியாக மதர்போர்டில் மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

தொங்கலில் செக்டார் உள்ள டிஸ்க்கில் விண்டோஸின் செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். அது ஃபைல் அட்டவணையைச் சரி செய்வதற்கு. கெட்ட டிஸ்க்கில் அதையே எழுதி எழுதி, இருக்கிற ஃபைலையும் துண்டு துண்டாக்கிவிடும். முதலில் காப்பி. லினக்ஸ் தெரிந்தவர் அருகில் இருந்தால் டிடி ரெஸ்க்யூ கொண்டு முழு டிஸ்க்கையும் வேறொன்றுக்கு இறக்கச் சொல்லுங்கள். படிக்க முடிந்ததை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடத்துக்குக் கடைசியில் வரும்.

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. அப்பா காலத்துக் கம்ப்யூட்டரில் பாக்கிக் கணக்கு எல்லாம் டேலியில் இருக்கிறது. மதர்போர்டு போய்விட்டது. டிஸ்க்கின் பின்னால் ஊசி ஊசியாக இருக்கிறது. இப்போது யாரிடமும் அதற்கு ஒயர் இல்லை என்கிறார்கள்.

பதில்: அது 40 பின் ஐடிஇ. ஒயர் இருக்கிறது. 'யூ.எஸ்.பி. டு ஐடிஇ சாட்டா' என்று கேளுங்கள். ஒயரின் முனையில் உள்ள ஒரே தலையில் ஒரு பக்கம் 40 பின், மறுபக்கம் 44 பின், இன்னொரு ஓரம் சாட்டா என்று மூன்றும் இருக்கும். கூடவே 12 வோல்ட், 5 வோல்ட் இரண்டும் தரும் அடாப்டரும், நான்கு ஓட்டை பவர் பிளக்கும் வர வேண்டும். அடாப்டர் இல்லாமல் தலையை மட்டும் விற்றால் வாங்காதீர்கள்.

மாட்டும் வரிசை முக்கியம். முதலில் டிஸ்க்கின் பின்னால் ஊசிகளுக்கும் பவர் ஓட்டைக்கும் நடுவில் இருக்கும் சின்ன ஜம்பரை (இரண்டு ஊசிகளை இணைக்கும் சிறு மூடி) பாருங்கள். லேபிளில் மாஸ்டர், ஸ்லேவ், கேபிள் செலக்ட் என்று படம் போட்டிருக்கும். மாஸ்டருக்கு மாற்றுங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் ஐடிஇ டிஸ்க்குகளில் தனியாக ஓடும்போது ஜம்பரை எடுத்துவிட வேண்டும். லேபிளில் 'சிங்கிள்' என்ற படத்தைப் பாருங்கள். ஜம்பர் ஸ்லேவில் இருந்தால் டிஸ்க் சுற்றும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இந்த வகையில் வரும் புகார்களில் பாதி இதுதான். சில டிஸ்க்குகளில் கொள்ளளவை 32 ஜி.பி.க்குக் குறைத்துக் காட்டும் இன்னொரு ஜம்பரும் இருக்கும். 80 ஜி.பி. டிஸ்க் 32 என்று காட்டினால் அதைக் கழற்றுங்கள்.

40 ஊசிகளில் நடுவில் ஒன்று இருக்காது; தலையில் அதற்கு நேரான ஓட்டை அடைத்திருக்கும். அதைப் பொருத்திப் பார்த்து நேராக அழுத்துங்கள். சாய்த்து அழுத்தி ஊசி வளைந்தால் பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரத்தை விட்டு மெல்ல நிமிர்த்தலாம். பவர் பிளக்கின் ஒரு பக்கம் இரண்டு மூலையும் செதுக்கியிருக்கும், அந்தப் பக்கம் பார்த்துத்தான் ஏறும். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு இரண்டும் எர்த். பலம் போட்டுத் தலைகீழாக ஏற்றினால் 5 வோல்ட் இடத்தில் 12 வோல்ட் போய் போர்டு கருகும்.

எல்லாம் மாட்டியபின் அடாப்டரை ஆன் செய்யுங்கள். டிஸ்க் சுற்றும் சத்தம் சீரானதும் யூ.எஸ்.பி.யைச் செருகுங்கள். டிஸ்க்கை மேசையில் தட்டையாக, அட்டை ஒன்றின் மேல் வையுங்கள். இரும்பு மேசையில் நேராக வைத்தால் போர்டு ஷார்ட் ஆகலாம். ஓடும்போது நகர்த்தாதீர்கள்.

(லேப்டாப் ஐடிஇ டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு: அது 44 பின். பவரும் அதிலேயே வந்துவிடும். பக்கத்தில் ஓர் இடைவெளி விட்டு இன்னும் நான்கு ஊசி இருக்கும், அவை ஜம்பருக்கு. அவற்றையும் சேர்த்துத் தலையை நகர்த்தி மாட்டினால் கரண்ட் தவறான ஊசிக்குப் போகும். 44 ஊசிகள் இருக்கும் பக்கத்தை எண்ணிப் பார்த்து மாட்டுங்கள்.)

டேலியைப் பொறுத்தவரை, டேலி ஃபோல்டருக்குள் 'டேட்டா' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் இருக்கும். ஒவ்வோர் எண்ணும் ஒரு கம்பெனிக் கணக்கு. டேட்டா ஃபோல்டரை முழுதாக காப்பி செய்யுங்கள், உள்ளிருந்து பொறுக்காதீர்கள். பழைய பதிப்பின் கணக்கைப் புதிய டேலியில் திறக்க மாற்ற வேண்டியிருக்கும். காப்பி ஒன்றில் மட்டும் அதைச் செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். 'மை டாக்குமெண்ட்ஸ்' ஃபோல்டரைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று வந்தால் டிஸ்க் கெடவில்லை; பழைய பயனர் பெயரின் பூட்டு அது. 'கன்டினியூ' கொடுத்துக் காத்திருந்தால் திறக்கும்.

அந்தக் காலத்துத் தமிழ்க் கடிதங்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் அதுவும் கெட்டுப்போனதல்ல. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அந்த எழுத்துருவைப் போட்டாலே படிக்கலாம். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகளும் இருக்கின்றன.

கேள்வி: வில்லாபுரம். டாக்கின் அடாப்டர் தொலைந்துவிட்டது. வாய் பொருந்தியதால் லேப்டாப் சார்ஜரைச் செருகினேன். லேசாகக் கருகல் வாசனை வந்தது. இப்போது டிஸ்க் அசையவில்லை.

பதில்: லேப்டாப் சார்ஜர் 19 வோல்ட். டாக்கின் பிளக் வெளிவிட்டம் 5.5 மி.மீ.; பல லேப்டாப் சார்ஜர்களும் அதே வெளிவிட்டம்தான். பொருந்துவதை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும். டாக்குக்குள் 5 வோல்ட்டைத் தனி சர்க்யூட் இறக்கித் தருகிறது. 12 வோல்ட் மட்டும் அடாப்டரில் வருவது அப்படியே டிஸ்க்குக்குப் போகிறது. ஆக, டிஸ்க்கின் 12 வோல்ட் பக்கம் 19 வோல்ட் ஏறியிருக்கிறது.

நல்ல செய்தி ஒன்று உண்டு. கடந்த இருபது ஆண்டு டிஸ்க்குகளில் பெரும்பாலானவற்றின் போர்டில், பவர் கனெக்டருக்குப் பக்கத்தில், டிவிஎஸ் டயோடு என்று கறுப்பு நிறத்தில் இரண்டு உறுப்புகள் இருக்கும்: ஒன்று 5 வோல்ட்டுக்கு, ஒன்று 12 வோல்ட்டுக்கு. வோல்ட்டேஜ் ஏறினால் அது தன்னைத்தானே ஷார்ட் ஆக்கிக்கொண்டு மற்ற சிப்களைக் காப்பாற்றும். டிஸ்க்கைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து அந்த டயோடின் இரண்டு முனையிலும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஓம்ஸ் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் அது பலியாகியிருக்கிறது. செல்போன் போர்டு வேலை செய்பவர் அதை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுவார். எடுத்தபின் சரியான 12 வோல்ட் அடாப்டரில் டிஸ்க் எழுந்துவிடக்கூடும். இனி அதற்குப் பாதுகாப்பு கிடையாது என்பதால் டேட்டாவை உடனே இறக்கிவிட்டு டிஸ்க்கை ஓய்வுக்கு அனுப்புங்கள். டாக்கை மறுபடி நம்ப வேண்டாம்.

அதே மாடல் டிஸ்க் வாங்கி போர்டை மாற்றினால் ஓடும் என்பது பழைய காலத்துக் கதை. இப்போதைய போர்டில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் ஒரு சின்ன ரோம் (ROM) சிப்பில் எழுதப்பட்டிருக்கும். அந்தச் சிப்பையும் பழைய போர்டிலிருந்து எடுத்துப் புதியதில் ஒட்ட வேண்டும்.

ரவுட்டர் அடாப்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதுவும் 12 வோல்ட்தான், வாயும் பொருந்தும். ஆனால் பலவற்றில் அரை ஆம்பியர், 1 ஆம்பியர்தான். எதுவும் எரியாது, டிஸ்க் எழ முயன்று எழ முயன்று விழும். வோல்ட் சரியாக அதே எண்ணாக இருக்க வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், பிளக்கின் நடுப்பகுதி பிளஸ் என்று படம் இருக்க வேண்டும்.

கேள்வி: சுங்குடிக் கடை சிசிடிவி டிவிஆரில் (கேமரா பதிவுப் பெட்டி) இருந்த 1 டி.பி. டிஸ்க். கம்ப்யூட்டரில் மாட்டினால் 'ஃபார்மேட் செய்யவா' என்கிறது. பழைய பதிவும் வேண்டும், டிஸ்க்கும் வேண்டும்.

பதில்: 'வேண்டாம்' என்று சொல்லி மூடிவிடுங்கள். டிவிஆர் தனக்கென்று ஒரு முறையில் எழுதுகிறது. விண்டோஸுக்கு அது வெற்று டிஸ்க்காகத் தெரியும். பதிவு வேண்டும் என்றால் டிஸ்க்கை அதே டிவிஆரில் மாட்டி, வேண்டிய நேரத்தைத் தேர்ந்து பென் டிரைவில் பேக்கப் எடுங்கள். டிவிஆர் போய்விட்டிருந்தால் அதே நிறுவனத்தின் அதே வரிசை டிவிஆர் படிக்கலாம், ஆனால் புது டிவிஆர் மாட்டியதும் ஃபார்மேட் கேட்கும், அங்கேயும் அனுமதிக்காதீர்கள்.

பதிவை எடுத்தபின் டிஸ்க்கைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். 3.5 இன்ச்சாக இருக்கும், அடாப்டர் உள்ள கேசிங் வேண்டும். முதலில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். இரவு பகலாக ஓடினால் ஓராண்டுக்கு 8,760 மணி. நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தால் இரண்டாவது பிரதி வைக்க மட்டும், முதல் பிரதிக்கு வேண்டாம்.

கேள்வி: 3 டி.பி. டிஸ்க் பழைய கேசிங்கில் 746 ஜி.பி. என்று காட்டுகிறது. மீதி எங்கே?

பதில்: கேசிங்கின் சிப்பில். பழைய சிப்களுக்கு 2.2 டி.பி. வரைதான் எண்ணத் தெரியும். அதைத் தாண்டியதும் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். 3 டி.பி.யில் அது போக மிஞ்சுவது விண்டோஸ் கணக்கில் 746. அதில் எதையும் எழுதாதீர்கள், ஃபார்மேட்டும் வேண்டாம். அட்டையில் 4 டி.பி.க்கு மேல் தாங்கும் என்று போட்ட கேசிங் வாங்குங்கள்.

சில பெரிய கேசிங்குகள் இதைச் சமாளிக்க செக்டார் அளவையே மாற்றிக் காட்டும். அப்படி ஃபார்மேட் ஆன டிஸ்க்கை வெளியே எடுத்து நேரடியாக மதர்போர்டில் மாட்டினால் காலியாகத் தெரியும். டேட்டா இருக்கிறது, அதே கேசிங்கில் போட்டால் வரும்.

கேள்வி: எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் யூ.எஸ்.பி. வாய் உடைந்துவிட்டது. உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வேறு கேசிங்கில் போடலாமா? – செல்லூர்

பதில்: திறந்து பார்த்தால்தான் தெரியும். உள்ளே சாதாரண சாட்டா வாய் இருந்தால் போடலாம். வெஸ்டர்ன் டிஜிட்டல் மை பாஸ்போர்ட் பலவற்றில் யூ.எஸ்.பி. வாயே டிஸ்க் போர்டில் நேராக ஒட்டியிருக்கும். வேறு கேசிங் என்ற பேச்சுக்கே இடமில்லை, அந்த வாயைத்தான் சால்டர் செய்து மாற்ற வேண்டும். அதே நிறுவனத்தின் மை புக் வரிசையில் பலவற்றின் சின்ன போர்டு, நீங்கள் பாஸ்வேர்டு போடாவிட்டாலும், எல்லாவற்றையும் மறையாக்கம் செய்துதான் டிஸ்க்கில் எழுதுகிறது. அந்தப் போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டால் டிஸ்க்கில் இருப்பது வெறும் குப்பை. உடைந்தது வாய்தான் என்றால் போர்டைப் பத்திரமாக வைத்து வாயை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: லேப்டாப்பிலிருந்து சூயிங்கம் பட்டை அளவில் ஒரு எஸ்எஸ்டி கழற்றினேன். கேசிங் வாங்கினேன், தெரியவில்லை.

பதில்: அது எம்.2. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டு ஜாதி: சாட்டா ஒன்று, என்விஎம்இ ஒன்று. ஒன்றின் கேசிங்கில் மற்றது வேலை செய்யாது. பொன்னிற முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ; உறுதிக்கு லேபிளைப் படியுங்கள். இரண்டையும் ஏற்கும் கேசிங்கும் உண்டு, ரியல்டெக் ஆர்டிஎல்9210பி சிப் உள்ளது அந்த வகை. விலை கொஞ்சம் கூட, தலைவலி குறைவு. என்விஎம்இ நன்றாகச் சூடாகும். கேசிங்கில் வரும் ரப்பர் போன்ற வெப்பப் பட்டையின் இரு பக்கத் தாளையும் உரித்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

தெரிந்தும் திறக்காமல் 48 இலக்க எண் கேட்டால் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கிறது. பழைய லேப்டாப்பில் நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். லேப்டாப்பை எடைக்குப் போடுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அலங்காநல்லூர். ஜல்லிக்கட்டு வீடியோக்களைப் பழைய டிஸ்க்கில் போட்டு டிவியில் செருகினால் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் தெரிகிறது.

பதில்: மூன்று காரணம் இருக்கலாம். டிவியின் போர்ட் பலவற்றில் அரை ஆம்பியர்தான். கரண்டுள்ள ஹப் நடுவில் வேண்டும். பழைய டிவிகள் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் புதிய முறையான ஜிபிடியைப் படிக்காது. டிஸ்க்கைப் பழைய எம்பிஆர் முறைக்கு மாற்ற வேண்டும், அதற்கு முன் வீடியோவை வெளியே எடுத்துவிட வேண்டும். ஃபார்மேட் வகைகளில் எக்ஸ்ஃபேட்டும் பல டிவிகளுக்குப் புரியாது, என்டிஎஃப்எஸ் பாருங்கள். ஃபேட் 32 எல்லாவற்றிலும் ஓடும், ஆனால் 4 ஜி.பி.க்கு மேலான ஃபைலை ஏற்காது, நாள் முழுக்க எடுத்த வாடிவாசல் வீடியோ அதற்குள் அடங்காது. 'ரெக்கார்டிங்குக்குத் தயார் செய்யவா' என்று டிவி கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது ஃபார்மேட்.

கேள்வி: சித்திரை வெயிலில் ராத்திரி முழுக்க காப்பி போட்டுவிட்டுத் தூங்கலாமா?

பதில்: பிளாஸ்டிக் கேசிங்கில் 3.5 இன்ச் டிஸ்க் என்றால் வேண்டாம். பெரும்பாலான டிஸ்க்குகளின் உச்ச வரம்பு 60 டிகிரி. மாடி அறையில் 38 டிகிரி இருக்கும்போது மூடிய பெட்டிக்குள் அது சுலபமாகத் தொட்டுவிடும். 50-ஐத் தாண்டினால் நிறுத்தி ஆறவிடுங்கள். டாக் திறந்திருப்பதால் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தாலே பத்து டிகிரி வரை குறையும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊர்களில் டாக்கின் அடாப்டரையும் யூ.பி.எஸ்.ஸில் செருகுங்கள். கம்ப்யூட்டர் மட்டும் ஓடி, டிஸ்க் பாதியில் நின்றால் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் போகும்.

கேள்வி: வேண்டியதை எடுத்தாயிற்று. பழைய டிஸ்க்கை விற்கப் போகிறேன். ஃபார்மேட் செய்தால் போதுமா? – உசிலம்பட்டி

பதில்: குவிக் ஃபார்மேட் போதாது. அது அட்டவணையை மட்டும் அழிக்கும். ரிக்கவரி மென்பொருள் போட்டால் உங்கள் வீட்டுப் பத்திரம், ஆதார் நகல் எல்லாம் வந்து நிற்கும். விண்டோஸில் ஃபார்மேட் கொடுக்கும்போது 'குவிக் ஃபார்மேட்' கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அப்போது டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதும். யூ.எஸ்.பி. 3-ல் 1 டி.பி.க்கு மூன்று மணி நேரம் ஆகும். டிஸ்க்கில் இரண்டு மூன்று பிரிவு இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். டிரைவ் எழுத்தை உறுதி செய்துகொண்டு அழுத்துங்கள்; டி, இ, எஃப் மாறி வீட்டு டிஸ்க்கையே துடைப்பது அடிக்கடி நடக்கிறது. துடைக்கும் நேரத்தில் மற்ற எக்ஸ்டர்னல்களைக் கழற்றிவிடுவது நல்லது.

எஸ்எஸ்டிக்கு இது முழுப் பலன் தராது. அந்தந்த நிறுவனத்தின் மென்பொருளில் 'செக்யூர் எரேஸ்' இருக்கும். பல கேசிங் சிப்கள் அந்தக் கட்டளையைக் கடத்தாது என்பதால் மதர்போர்டில் நேரடியாக மாட்டிச் செய்யுங்கள். ஓடாத டிஸ்க்கைத் துடைக்க முடியாது, விற்கவும் வேண்டாம். மூடியின் ஸ்டார் வடிவ திருகுகளைக் கழற்ற, டெஸ்க்டாப் டிஸ்க் என்றால் பெரும்பாலும் டி8 அளவு பிட் வேண்டியிருக்கும். உள்ளே தட்டுகளைச் சுத்தியலால் அடியுங்கள். லேப்டாப் டிஸ்க்குகளின் தட்டு பல நேரம் கண்ணாடி, அடித்ததும் தூளாகத் தெறிக்கும், ஆகவே ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டிவிட்டு அடிக்க வேண்டும்.